சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்: சின்கேஸின் விகிதம் எங்கே முடிவாகிறது?

ரிஃபார்மர் உலையின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புக் கதவு இருக்கும். முகக் கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, சற்று ஒதுங்கி நின்று அதைத் திறந்தால், உள்ளே வரிசை வரிசையாகக் குழாய்கள் தெரியும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரம், பெரிய மூங்கில் அளவுக்குப் பருமன். எல்லாம் பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். குழாய்க்கு வெளியே தீ. குழாய்க்கு உள்ளே, நிக்கல் ஏற்றிய வினையூக்கி உருளைகளுக்கு நடுவே, மீத்தேனும் நீராவியும் மேலிருந்து கீழே பாய்கின்றன. மேலே மீத்தேனாக நுழைந்தது அடியில் சின்கேஸ் என்ற வாயுக் கலவையாக வெளியேறுகிறது.

முதல் தடவை அந்தக் கதவு வழியே பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வெளியே வரும் வாயுவில் ஹைட்ரஜன் இவ்வளவு, கார்பன் மோனாக்சைடு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அதை யார் பிடித்துவைக்கிறார்கள்? கன்ட்ரோல் ரூமில் தேடினேன். நீராவியின் அளவுக்கு ஒரு வால்வு, எரிபொருளுக்கு ஒரு வால்வு, அழுத்தத்துக்கு ஒன்று இருந்தன. "ஹைட்ரஜன் விகிதம்" என்று எழுதிய வால்வு எங்கும் இல்லை. போர்டில் உட்கார்ந்திருந்த சீனியர் அண்ணனிடம் கேட்டபோது, "தம்பி, முதல்ல உள்ள என்ன போகுதுன்னு எண்ணு. அப்புறம் வெளிய வர்றதைப் பத்திப் பேசலாம்" என்றார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அந்த எண்ணிக்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பள்ளி வேதியியல் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஒரே வாயு, ஆளுக்கொரு விகிதம்

சின்கேஸ் என்றால் முக்கியமாக ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த கலவை. கூடவே கொஞ்சம் கார்பன் டைஆக்சைடு, மாறாமல் தங்கிய மீத்தேன், நீராவி எல்லாம் இருக்கும். தனியாக இதற்குப் பெரிய பயன் இல்லை. இதை வைத்து அடுத்த பொருளைச் செய்ய வேண்டும். அந்த அடுத்த பொருள் எது என்பதைப் பொறுத்துத்தான் விகிதம்.

மெத்தனால் செய்ய, ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் வேண்டும். வாயுவிலிருந்து டீசல், மெழுகு செய்யும் ஃபிஷர் ட்ரோப்ஷ் முறைக்கும் ஏறக்குறைய அதே இரண்டுதான். பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் ஆக்ஸோ ஆல்கஹால்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. அசிட்டிக் அமிலம் செய்யும் இடத்தில் ஹைட்ரஜனே வேண்டாம், சுத்தமான கார்பன் மோனாக்சைடு மட்டும் போதும். அமோனியாவுக்கு நேர் எதிர்: ஹைட்ரஜனும் நைட்ரஜனும் மூன்றுக்கு ஒன்று என்று வேண்டும், கார்பன் மோனாக்சைடு துளியும் ஆகாது, அது அங்கே விஷம்.

விகிதம் தவறினால் என்ன ஆகும்? மெத்தனால் ஆலையையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் அதிகமானால் அது வினைபுரிய ஆளில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் அதை வெளியே எடுத்து உலையில் எரிக்க வேண்டியதுதான். இவ்வளவு செலவு செய்து உண்டாக்கிய ஹைட்ரஜனை விறகாக்குவது மனதுக்கே கஷ்டமாக இருக்கும். ஹைட்ரஜன் குறைந்தால் இன்னும் மோசம்: பக்க விளைபொருள்கள் கூடும், கார்பன் மோனாக்சைடு இரும்புக் குழாய்களை அரித்து இரும்பு கார்போனில் என்ற சேர்மமாகி வினையூக்கியில் போய்ப் படியும். இப்போது பெரும்பாலான மெத்தனால் ஆலைகளில் இருப்பது செம்பு கலந்த வினையூக்கி. 1966இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐசிஐ நிறுவனம் தொடங்கிய குறைந்த அழுத்த முறையின் வழிவந்தது. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் உடம்பு பூஞ்சை. இந்த மாதிரி அழுக்கைத் தாங்காது.

அணுக்களுக்கு மதிப்பெண்

சரி, எண்ணத் தொடங்குவோம். ரிஃபார்மரில் நடக்கும் முதல் வினை இது: ஒரு மீத்தேனும் ஒரு நீராவியும் சேர்ந்து ஒரு கார்பன் மோனாக்சைடும் மூன்று ஹைட்ரஜனும் ஆகின்றன. அப்படியானால் விகிதம் மூன்று என்று சொல்லிவிடலாமே? சொல்ல முடியாது. அதே குழாயில் இரண்டாவது வினை ஒன்றும் நடக்கிறது: கார்பன் மோனாக்சைடில் கொஞ்சம், மிச்சமிருக்கும் நீராவியோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. இதை ஷிஃப்ட் வினை என்பார்கள். இது இரண்டு பக்கமும் ஓடக்கூடியது. சூடு குறைந்தால் ஹைட்ரஜன் பக்கம் போகும், சூடு கூடினால் திரும்பி வரும்.

இதனால் ஹைட்ரஜனைக் கார்பன் மோனாக்சைடால் வகுத்துக் கிடைக்கும் எண் ஓர் இடத்தில் நிற்காது. நிற்கிற எண் ஒன்று வேண்டும். அதற்கு இப்படி மதிப்பெண் போடுங்கள்: ஒரு கார்பன் அணுவுக்கு 1. ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு அரை. ஓர் ஆக்சிஜன் அணுவுக்குக் கழித்தல் 1. மொத்தத்தைக் கூட்டி, கார்பன் அணுக்களின் எண்ணிக்கையால் வகுங்கள்.

மீத்தேனில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். 1 கூட்டல் 2, ஆக 3. நீராவியில் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். 1 கழித்தல் 1, ஆக பூஜ்யம். ஹைட்ரஜன் வாயுவின் ஒரு மூலக்கூறுக்கு 1. கார்பன் மோனாக்சைடுக்குப் பூஜ்யம். கார்பன் டைஆக்சைடுக்குக் கழித்தல் 1.

இதில் நீராவிக்குப் பூஜ்யம் வந்ததைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீராவியை எவ்வளவு ஊற்றினாலும் மொத்த மதிப்பெண் அசையாது. ஷிஃப்ட் வினை எந்தப் பக்கம் ஓடினாலும் அசையாது. ஏனென்றால் அது அணுக்களை இடம் மாற்றுகிறதே தவிர, உள்ளே எதையும் சேர்ப்பதும் இல்லை, வெளியே எடுப்பதும் இல்லை. ஆலைகளில் இதைத்தான் எம் எண் என்பார்கள். ஹைட்ரஜனிலிருந்து கார்பன் டைஆக்சைடைக் கழித்து, கார்பன் மோனாக்சைடும் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்த தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். பாடப்புத்தகத்தில் சூத்திரமாகப் படித்தபோது இது எனக்கு ஏறவே இல்லை. மதிப்பெண்ணாகப் பார்த்த பிறகு மறக்கவே இல்லை.

ஒரு மாதிரி போட்டுப் பார்ப்போம். 850 டிகிரி செல்சியஸ், 20 பார் அழுத்தம், ஒரு மீத்தேனுக்கு மூன்று நீராவி. வெளியே வரும் வாயுவைக் குளிர்வித்து நீரைப் பிரித்த பின் 100 பங்கில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஹைட்ரஜன் 73.5, கார்பன் மோனாக்சைடு 14.5, கார்பன் டைஆக்சைடு 7.5, மாறாத மீத்தேன் 4.5. ஹைட்ரஜனைக் கார்பன் மோனாக்சைடால் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேலே வருகிறது. ஆனால் எம் எண்? 73.5இல் 7.5 போனால் 66. கீழே 14.5உம் 7.5உம் சேர்ந்து 22. வகுத்தால் 3. உள்ளே போன மீத்தேனின் மதிப்பெண் எதுவோ அதே மூன்று.

இப்போது மெத்தனாலுக்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். 1 கூட்டல் 2 கழித்தல் 1. இரண்டு! அதனால்தான் மெத்தனால் ஆலைக்காரர்கள் எம் எண் 2 வேண்டும் என்கிறார்கள் (நடைமுறையில் 2.05 மாதிரி ஒரு துளி மேலே வைப்பார்கள்). செய்யப்போகும் பொருளின் மதிப்பெண்தான் வாயுவுக்கும் வேண்டிய மதிப்பெண். மீத்தேனும் நீராவியும் மட்டும் போட்டால் 3தான் வரும், 2 வராது. வெப்பத்தைக் கூட்டு, அழுத்தத்தைக் குறை, நீராவியை ஏற்று என்று என்ன திருகினாலும் வராது. சட்டியில் போடுவதை மாற்றினால்தான் உண்டு.

சட்டியை மாற்றும் வழிகள்

மதிப்பெண் 3ஐ 2க்கு இறக்க வேண்டும். கையில் கழித்தல் மதிப்பெண் உள்ள பொருள் என்ன இருக்கிறது? கார்பன் டைஆக்சைடு இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது.

மூன்று மீத்தேனுக்கு ஒரு கார்பன் டைஆக்சைடு சேர்த்தால் மொத்தம் 9 கழித்தல் 1, ஆக 8. கார்பன் அணுக்கள் நான்கு. வகுத்தால் 2. அவ்வளவுதான். பக்கத்தில் அமோனியா ஆலை இருந்து, அங்கே கார்பன் டைஆக்சைடு மிச்சமாக இருந்தால் இது அருமையான வழி. வீணாகப் போகவேண்டிய கார்பன் மெத்தனாலாக மாறுகிறது.

இன்னொரு வழி ஆக்சிஜன். ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றுக்குக் கழித்தல் 2. இரண்டு மீத்தேனுக்கு ஓர் ஆக்சிஜன் போட்டால் 6 கழித்தல் 2, ஆக 4. கார்பன் இரண்டு. மறுபடியும் 2! இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. மீத்தேன் நீராவி வினை வெப்பத்தை ஏராளமாக விழுங்கும். ஆக்சிஜன் போட்டால் மீத்தேனில் ஒரு பகுதி உள்ளேயே எரிந்து அந்த வெப்பத்தைக் கொடுத்துவிடும். வெளியே தீ மூட்டத் தேவையில்லை. இப்படி ஓடுவதை ஆட்டோதெர்மல் ரிஃபார்மர் என்பார்கள். ஆனால் நடைமுறையில் வினைக்கு வேண்டிய வெப்பம் கிடைக்க அந்த அரைப் பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆக்சிஜன் தேவைப்படுகிறது. அதனால் எம் எண் 2க்குக் கொஞ்சம் கீழே போய்விடும். அப்போது வேறெங்கிருந்தாவது ஹைட்ரஜன் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். சாதாரண ரிஃபார்மரையும் ஆக்சிஜன் ரிஃபார்மரையும் அடுத்தடுத்து வைத்து, 3ஐயும் அந்தக் குறைந்த எண்ணையும் கலந்து 2.05ஐப் பிடிக்கும் மெத்தனால் ஆலைகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். கத்தாரின் ராஸ் லஃபானில் இருக்கும் பேர்ல் ஆலையும், மலேசியாவில் பின்டுலுவில் 1993இல் தொடங்கிய ஷெல் ஆலையும் மீத்தேனை ஆக்சிஜனோடு அரைகுறையாக எரிக்கும் வழியில் சின்கேஸ் எடுத்து டீசலும் மெழுகும் செய்பவை.

மூலப்பொருளையே மாற்றினால்? ஈத்தேனுக்கு மதிப்பெண் 2.5. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தா என்ற லேசான திரவத்தில் ஒரு கார்பனுக்கு இரண்டுக்குச் சற்று மேல் ஹைட்ரஜன், ஆகவே மதிப்பெண் ஏறக்குறைய 2. மெத்தனாலுக்கு அளந்து தைத்த மாதிரி. நம் பக்கத்தில் மணலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் உர ஆலைகள் நாப்தாவை வைத்துத்தான் பல ஆண்டுகள் ஓடின, பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அவர்கள் செய்வது அமோனியா. அங்கே இந்த மாற்றத்தால் ஒரு கார்பனுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் கூடியது. ஆனால் யூரியா செய்யத் தேவையான கார்பன் டைஆக்சைடு குறைந்தது. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கத்தானே செய்யும்.

நிலக்கரியின் கதை தலைகீழ். வெறும் கார்பனுக்கு மதிப்பெண் 1. நிலக்கரியை வாயுவாக்கத் தேவையான வெப்பத்துக்காக ஆக்சிஜன் வேறு ஊதுகிறோம், அதனால் இன்னும் இறங்கும். ஓர் எளிய கணக்கு: 60 பங்கு கார்பன் மோனாக்சைடு, 30 பங்கு ஹைட்ரஜன் வந்தால் எம் எண் வெறும் அரை. இங்கே இறக்கக் கூடாது, ஏற்ற வேண்டும். கழித்தல் மதிப்பெண் உள்ளதை வெளியே எடுத்தால் மிச்சத்தின் எண் ஏறும். எனவே நீராவி சேர்த்து, 30 பங்கு கார்பன் மோனாக்சைடை ஷிஃப்ட் வினையால் கார்பன் டைஆக்சைடாக்கு, அந்த 30 பங்கையும் கழுவி வெளியே எடு. மிச்சம் 60 ஹைட்ரஜன், 30 கார்பன் மோனாக்சைடு. எண் 2. ஷிஃப்ட் மட்டும் செய்தால் எண் அசையாது, கழுவி எடுத்த பிறகுதான் அசைகிறது. புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஆனால் இதன் விலையையும் பாருங்கள்: நிலக்கரியின் கார்பனில் பாதி கார்பன் டைஆக்சைடாக வெளியே போய்விட்டது. நிலக்கரி வழியில் செய்யும் மெத்தனாலுக்கு இவ்வளவு புகைக் கணக்கு ஏறுவதற்குக் காரணம் இந்த மதிப்பெண் பற்றாக்குறைதான்.

நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்த ஆலை ஒன்று ஒரு காலத்தில் ஓடியது. இன்னும் பின்னால் போனால், இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய கரி பஸ்களைச் சொல்லலாம். பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியவை. அவற்றில் உண்டானதும் சின்கேஸின் ஏழை உறவுதான். ஆக்சிஜனுக்குப் பதில் காற்றை ஊதியதால் வாயுவில் பாதி நைட்ரஜன், இழுவை குறைவு. மேடு வந்தால் பஸ் திணறும்.

மிச்சத்தை முடிவு செய்வது உலை

எம் எண் சட்டியில் போடுவதால் முடிவாகிறது என்றால், வெப்பமும் அழுத்தமும் நீராவியும் எதற்கு? அந்த அணுக்கள் எந்தெந்த மூலக்கூறுகளாகப் பிரிந்து நிற்கும் என்பதை முடிவு செய்வது அவைதான். முக்கியமாக, எவ்வளவு மீத்தேன் மாறாமல் தப்பி வெளியே வருகிறது என்பதை. இதை மீத்தேன் ஸ்லிப் என்பார்கள்.

வெப்பத்தைக் கூட்டினால் ஸ்லிப் குறையும், கார்பன் மோனாக்சைடு கூடும். அப்படியென்றால் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், குழாய் தாங்காது. அந்தக் குழாய்கள் குரோமியமும் நிக்கலும் நிறையச் சேர்த்து வார்த்தவை, ஒரு லட்சம் மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்தவை. குழாய்ச் சுவரின் வெப்பம் கணக்கைவிட 20 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லாரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. இருபது டிகிரி! 900க்கு மேல் கனன்றுகொண்டிருக்கும் குழாயில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் அது. வேலை ஷிஃப்டுக்கு ஒரு முறை யாராவது கதவைத் திறந்து பார்ப்பதும், பைரோமீட்டரால் குழாய் குழாயாகச் சூடு அளப்பதும் இதனால்தான்.

அழுத்தத்தைக் குறைத்தாலும் ஸ்லிப் குறையும். இரண்டு மூலக்கூறுகள் நான்காகப் பெருகும் வினை இது, நெருக்கினால் பின்வாங்கும். ஆனாலும் ஆலைகள் 15 முதல் 30 பார் வரை வைத்தே ஓட்டுகின்றன. ஏனென்றால் அடுத்த கட்டத்துக்கு எப்படியும் உயர் அழுத்தம் வேண்டும். வாயுவாக விரிந்த பிறகு அழுத்துவதைவிட, ஏற்கெனவே அழுத்தத்தோடு வரும் எரிவாயுவையும் பாய்லர் நீராவியையும் அப்படியே உள்ளே விடுவது மலிவு.

நீராவியைக் கூட்டினால் ஸ்லிப் குறையும், கூடவே ஷிஃப்ட் வினை ஓடிக் கார்பன் டைஆக்சைடு கூடும். மேலே பார்த்த மாதிரியில் நீரைப் பிரிக்கும் முன் மூன்றில் ஒரு பங்கு வெறும் நீராவிதான். அத்தனையும் சூடாக்க எரிபொருள் செலவாகிறது. ஆகவே யாரும் தேவைக்கு மேல் நீராவி விட மாட்டார்கள். தேவைக்குக் கீழேயும் விடக் கூடாது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

குழாயை விட்டு வெளியேறியதும் வாயு நேராக, அதன் சூட்டாலேயே நீராவி உண்டாக்கும் வேஸ்ட் ஹீட் பாய்லருக்குள் போய்ச் சட்டென்று குளிர்கிறது. அங்கே வினையூக்கி இல்லாததால் ஷிஃப்ட் வினை நடக்க நேரமில்லை. உலையின் வாசலில் இருந்த விகிதம் அப்படியே உறைந்து நிற்கும். இந்த வேகம் இன்னொரு விதத்திலும் நல்லது. கார்பன் மோனாக்சைடு அதிகமுள்ள வாயு 450இலிருந்து 800 டிகிரிக்குள் உலோகத்தின் மேல் தங்கினால் உலோகத்தையே பொடிப்பொடியாக உதிர்த்துவிடும்.

கரி படியும் எல்லை

நீராவி குறைந்தால் மீத்தேன் நீராவியோடு சேராமல் தானே உடையும். ஹைட்ரஜன் போய்க் கரி மிஞ்சும். அந்தக் கரி நிக்கல் துகளைத் தூக்கிக்கொண்டு மயிரிழையாக வளரும். கடைசியில் வினையூக்கி உருளையே நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் வாயு போகாது. வாயு போகாத இடத்தில் வெப்பத்தை உறிஞ்ச ஆளில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாயில் மட்டும் மற்றவற்றைவிட வெளுத்த ஒரு பட்டை தெரியும். கார்பன் டைஆக்சைடு சேர்த்து ஓட்டும் ரிஃபார்மர்களில் இந்த ஆபத்து இன்னும் கூடும். பொட்டாஷ் சேர்த்த வினையூக்கி வைப்பது ஒரு தற்காப்பு. படியும் கரியை நீராவி தின்றுவிட அது உதவும்.

நான் அப்படி ஒரு பட்டையை நேரில் பார்த்திருக்கிறேன். நீராவிக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் 3 என்று திரையில் அசையாமல் நின்றது. எந்த அலாரமும் அடிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் வந்த எரிவாயு கனமாக இருந்திருக்கிறது. முன்பெல்லாம் 96 பங்கு மீத்தேனும் 4 பங்கு ஈத்தேனும் வரும். அப்படியானால் 100 மூலக்கூறில் 104 கார்பன். அந்த வாரம் மீத்தேன் 85, ஈத்தேன் 10, புரோப்பேன் 5. எண்ணிப் பாருங்கள்: 85, 20, 15, ஆக 120 கார்பன். மீட்டர் காட்டுவது எத்தனை கன மீட்டர் போகிறது என்பதை மட்டும்தான், அதற்குள் எத்தனை கார்பன் என்பதை அல்ல. கம்ப்யூட்டரில் பழைய 1.04ஐயே யாரோ போட்டுவைத்திருந்தார்கள். உண்மையில் விகிதம் 2.6க்கு இறங்கியிருந்தது. நீராவியை உடனே ஏற்றினோம். இருந்தாலும் மூன்று குழாய்களில் பட்டை போகவில்லை, அடுத்த நிறுத்தத்தில் அந்த வினையூக்கியைக் கொட்டி மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணு என்று அந்த அண்ணன் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உலைக்குப் பிறகு

ரிஃபார்மரோடு எல்லாம் முடிவதில்லை. வேண்டாததைப் பிரித்தெடுப்பதும் விகிதத்தை மாற்றும் வழிதான். ஆக்ஸோ ஆலைக்கு ஒன்றுக்கு ஒன்று வேண்டும் என்றால், வாயுவிலுள்ள கார்பன் டைஆக்சைடை அமீன் கரைசலால் கழுவிப் பிடித்து உலைக்கே திருப்பி விடுவார்கள், வெளியிலிருந்தும் கொஞ்சம் வாங்கிச் சேர்ப்பார்கள். அப்போதும் மிஞ்சும் ஹைட்ரஜனை மெல்லிய சவ்வு வழியே கசியவிட்டுப் பிரிப்பார்கள். சுத்தக் கார்பன் மோனாக்சைடு வேண்டுமானால் வாயுவை மிகக் கடுமையாகக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரிக்கும் கோல்ட் பாக்ஸ் தேவைப்படும். செலவு அதிகம், ஆனால் வேறு நல்ல வழி குறைவு.

அமோனியா ஆலைதான் இதில் கைவேலை மிகுந்தது. முதல் ரிஃபார்மருக்கு அடுத்து இரண்டாவது ரிஃபார்மர், அதில் ஆக்சிஜனுக்குப் பதில் காற்று. காற்றின் ஆக்சிஜன் எரிந்து வெப்பம் தரும், மிச்ச மீத்தேனும் மாறிவிடும். நைட்ரஜன் எரியாமல் தங்கி, அமோனியாவுக்கு வேண்டிய நைட்ரஜனாகவே ஆகிவிடும். கரி பஸ்ஸை ஏழையாக்கிய அதே நைட்ரஜன் இங்கே மூலப்பொருள்! எவ்வளவு காற்று ஊதுவது என்பதை அந்த மூன்றுக்கு ஒன்று விகிதம் முடிவு செய்கிறது. அப்புறம் கார்பன் மோனாக்சைடை ஒழிக்க வேண்டும். ஷிஃப்ட் வினைக்குச் சூடு குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் சூடு குறைந்தால் வினை மந்தமாகும். அதனால் இரண்டு படியாகச் செய்கிறார்கள். முதலில் 350 டிகிரிக்கு மேல் இரும்பு வினையூக்கியில் வேகமாக ஓடவிட்டு மூன்று சதவீதம் அளவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு 200 டிகிரிக்குச் சற்று மேலே செம்பு வினையூக்கியில் மெதுவாக ஓடவிட்டு 0.3 சதவீதம் அளவுக்கு இறக்குவார்கள். அடுத்து கார்பன் டைஆக்சைடைக் கழுவி எடுப்பார்கள், அது யூரியாவுக்குப் போகும். கடைசித் துளிகளை நிக்கல் வினையூக்கியில் ஹைட்ரஜனோடு சேர்த்து மீத்தேனாகவே திருப்பி மாற்றிவிடுவார்கள். ரிஃபார்மரில் மீத்தேனை உடைத்த அதே நிக்கல், 300 டிகிரி அளவில் அதைத் திரும்பக் கட்டுகிறது. வெளியே வரும்போது கார்பன் ஆக்சைடுகள் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கும் கீழே.

அளப்பது எப்படி

இவ்வளவும் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? குழாயிலிருந்து ஒரு சிறு கிளை எடுத்து, வாயுவைக் குளிர்வித்து, நீரை வடித்து, காஸ் குரோமடோகிராஃப் கருவிக்குள் விடுவார்கள். சில நிமிடங்களில் எது எத்தனை சதவீதம் என்று தாளில் வரும். அந்தச் சில நிமிடங்களே தாமதம்தான். அதற்குள் உலை வேறு நிலைக்குப் போயிருக்கும். ஆகவே நல்ல ஆலைகளில் வெளியே வரும் வாயுவை மட்டும் பார்த்துத் திருத்துவதில்லை. உள்ளே போகும் எரிவாயுவையும் அதே கருவியால் அளந்து, கார்பனை எண்ணி, நீராவியை முன்கூட்டியே ஏற்றி இறக்குகிறார்கள். எங்கள் பட்டைக் குழாய்களுக்குப் பிறகு அங்கேயும் அப்படி ஒரு கருவி வந்தது.

அளவு எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கார்பன் டைஆக்சைடு நீரில் கரையும், ஹைட்ரஜன் ஏறக்குறைய கரையாது. சாம்பிள் குழாயில் நீர் தேங்கி நின்றால் கார்பன் டைஆக்சைடு கொஞ்சம் அதிலேயே போய்விடும். தாளில் வரும் எண்கள் பார்வைக்கு அழகாக, கூட்டினால் நூறாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும்.

ஒரு நாள் விடியற்காலை லேபிலிருந்து வந்த தாளில் கார்பன் டைஆக்சைடு 7.5க்குப் பதில் 6.5 அளவுக்கு இருந்தது. ஷிஃப்டில் இருந்த புதுப் பையன் அதைப் பார்த்துவிட்டு உலையின் வெப்பத்தைத் திருத்தப் போனான். நில் என்று சொல்லி, எம் எண்ணைப் போடச் சொன்னேன். தாளின் ஓரத்தில் பேனாவால் போட்டான். 3.2 வந்தது. அன்றைக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது இயற்கை எரிவாயுவும் நீராவியும் மட்டும், வெளியிலிருந்து ஹைட்ரஜன் எதுவும் சேர்க்கவில்லை. மீத்தேனுக்கு மதிப்பெண் 3, ஈத்தேனுக்கு 2.5. இதில் 3.2 எங்கிருந்து வரும்?

பையன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு சாம்பிள் பாயின்ட்டுக்குப் போனான். வடிகால் வால்வைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.